வயிற்றுப்போக்கு மாத்திரை: வீட்டில் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜோகூர் பாருவுக்குப் போய், இரவு கடலுணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். விடியற்காலையில் கணவர், மாமியார், நான்கு வயது மகன் மூவருக்கும் வயிறு போக ஆரம்பித்துவிட்டது. வாசகிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வந்த மருந்துப் பையில், பெட்டியும் தாளும் இல்லாத ஓர் அட்டை லோபரமைடு (வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை) இருந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர். மதிய ஷிஃப்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொரு தடவை கழிவறைக்குப் போய் வந்ததும் இரண்டு என, மதியத்துக்குள் எட்டு மாத்திரை போட்டுவிட்டார். அப்போது அவருக்கு 39 டிகிரி காய்ச்சலும் இருந்திருக்கிறது. போக்கு நின்றது. வயிறு கல்லாக இறுகி, அடுத்த மூன்று நாள் வெளிக்குப் போகவே இல்லை.

மாமியாருக்கு வயது 69. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிபிசைடும், ரத்த அழுத்தத்துக்கு லோசார்டனும், கூடவே சிறுநீரைக் கூட்டும் ஒரு நீர் மாத்திரையும் எடுப்பவர். அவருக்கு ஒரு லோபரமைடு, இரண்டு கரி மாத்திரை, அதே பையில் மிச்சமிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று என எல்லாவற்றையும் காலை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். “வயிற்றைக் காயப்போட்டால்தான் நிற்கும்” என்று அத்தை நாள் முழுக்கப் பட்டினி. உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடவில்லை, “எனக்குச் சர்க்கரை இருக்கே” என்று. சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறவிடவில்லை. மறுநாள் காலை உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. அளந்து பார்த்தால் ரத்தச் சர்க்கரை 3.2 மில்லிமோல்.

மகனுக்கு அரை மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். சென்னை ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல் தூள்) உறை ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தபோது, “உப்புக் கரிக்குது” என்று பையன் துப்பிவிட்டான். மாலையில் வயிறு உப்பி, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் தூங்கி வழிந்திருக்கிறான். அன்றிரவு மகனோடு மருத்துவமனை, மறுநாள் காலை மாமியாரோடு மருத்துவமனை. இருவரும் இப்போது நலம்.

“நான் விஷத்தையா கொடுத்தேன்? கடையில் விற்கிற மாத்திரைதானே? அத்தையின் மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டுமா? இனி வீட்டில் எதை வைத்துக்கொள்ளலாம்?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரை ஒரே நேரத்தில், ஒரே கழிவறை உள்ள வீட்டில், தனியாளாகப் பார்த்துக்கொண்டீர்கள். மகன் அசந்து கிடப்பதைக் கவனித்ததும் நீங்கள், மாமியாருக்குச் சர்க்கரை அளந்து பார்த்ததும் நீங்கள், இருவரையும் தாமதிக்காமல் அழைத்துப் போனதும் நீங்கள். ஆகவே குற்றவுணர்வை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படியுங்கள். அன்று நடந்ததில் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை மறைக்காமல் சொல்கிறேன்.

மூவருக்கும் வந்தது அநேகமாக ஒரே நோய். ஆனால் 41 வயது ஆணின் குடலும், 15 கிலோ குழந்தையின் குடலும், நான்கைந்து மருந்து எடுக்கும் முதியவரின் குடலும் ஒரே மருந்தை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளாது. என் மருந்தகத்தில் “வயிற்றுப்போக்குக்கு ஒரு மாத்திரை கொடுங்க” என்று யாராவது கேட்டால், மாத்திரையை எடுப்பதற்கு முன் “யாருக்கு?” என்று கேட்பேன். என்ன வயது, காய்ச்சல் உண்டா, ரத்தம் போகிறதா, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பதெல்லாம் அதன் பிறகு. அன்று காலை உங்களிடம் அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

“கடையில் விற்கிற மாத்திரைதானே?”

சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதவை ஒரு வகை. மருந்தாளர் விசாரித்துத் தர வேண்டியவை இன்னொரு வகை. தட்டிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்றாவது. நடுவிலுள்ள வகையில் மருந்தைவிட அந்த விசாரணைதான் பெரிய பாதுகாப்பு. பெட்டி, தாள் எதுவும் இல்லாமல் ஊரிலிருந்து வரும் அட்டையில் அந்தப் பாதுகாப்பு முழுதாகக் கழன்றுவிடுகிறது. நம் வீடுகள் பலவற்றில் குளிர்சாதனப் பெட்டியின் மேலோ தொலைக்காட்சிக்குக் கீழோ இப்படி ஒரு பை இருக்கிறது. பாசத்தோடு வாங்கி வந்ததுதான். ஆனால் அதில் பாதி அட்டைகளில் பெயர் இருக்கும் பக்கம் கிழிந்திருக்கும், காலாவதித் தேதி வெட்டுப்பட்டிருக்கும்.

இப்போது லோபரமைடுக்கு வருகிறேன். இது கிருமியைக் கொல்லாது, விஷத்தை முறிக்காது. குடற்சுவரில் உள்ள நரம்புகளின் வேகத்தைக் குறைக்கிறது. குடல் மெதுவாக நகர்வதால் நீர் திரும்ப உறிஞ்சப்பட அவகாசம் கிடைக்கிறது. காய்ச்சலும் ரத்தமும் இல்லாத, வெறும் நீராகப் போகிற வயிற்றுப்போக்கில், பெரியவர்களுக்கு நல்ல மருந்து. விமானம் ஏறுகிறவருக்கும், நடுவழியில் பேருந்தை நிறுத்த முடியாதவருக்கும் பயன்படும். முதலில் 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. பிறகு ஒவ்வொரு முறை நீராகப் போன பின் ஒன்று. மருத்துவர் சொல்லாமல் எடுப்பவர்கள் ஒரு நாளைக்கு 8 மில்லிகிராமோடு, அதாவது நான்கு மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சில பெட்டிகளில் இதற்கு மேலும் போட்டிருப்பார்கள். அந்த அளவு மருத்துவர் பார்வையில் இருக்கட்டும். இரண்டு நாளில் நிற்கவில்லை என்றால் மூன்றாம் நாள் மாத்திரை வேண்டாம், மருத்துவர்தான் வேண்டும்.

உங்கள் கணவர் எடுத்தது இதைப்போல் இரு மடங்கு, அதுவும் 39 டிகிரி காய்ச்சலோடு. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ சளியோ இருந்தால், கிருமி குடற்சுவரைத் துளைத்து உள்ளே இறங்கியிருக்கலாம் என்று பொருள். உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும் நேரத்தில் கதவைச் சாத்தினால், கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கும். அவர் வயிறு இறுகிப்போனது அளவு மீறியதால். இளவயது, நல்ல உடம்பு, அதனால் தப்பித்தார். இந்த மருந்தை மிக அதிகமாக எடுத்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிராபத்து வரை போனதால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் பொது எச்சரிக்கையே விடுத்தது. அவரிடம் இதைச் சண்டையில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை போட்டுப் போக்கு நின்றாலும் மலத்தில் கிருமி இருக்கும், தொற்றும். பேருந்து ஓட்டுபவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் ஓரளவு சமாளிக்கலாம். சமையற்கட்டில், உணவங்காடிக் கடையில், பாலர் பள்ளியில், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர் என்றால், எல்லாம் நின்று 48 மணி நேரம் ஆகும் வரை போகவே கூடாது. நோரோவைரஸ் போன்றவற்றுக்குக் கிருமிநாசினி ஜெல் போதாது, சோப்பும் ஓடுகிற நீரும் வேண்டும். மருந்தாளரால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) தர முடியாது. எம்சி தேவைப்படும் அளவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போவதே முறை. மாத்திரையால் அதை ஈடுகட்டப் பார்க்க வேண்டாம்.

மகனுக்குக் கொடுத்த அரை மாத்திரை

“பெரியவருக்கு ஒன்று என்றால் குழந்தைக்கு அரை” என்ற கணக்கு நம்மிடையே ஊறிப்போனது. எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. லோபரமைடுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து இது. சிறு குழந்தைகளுக்குக் குடல் அசைவு அப்படியே நின்றுபோகலாம், மயக்கம் வரலாம், மூச்சு மந்தமாகலாம். பச்சிளம் குழந்தைகள் இதனால் இறந்ததும் உண்டு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் இன்னொரு தாய் நாளைக்கு அந்த அரை மாத்திரையை உடைக்காமல் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. மருந்து போட்டதும் போக்கு நின்றதைப் பார்த்து நாம் நிம்மதியடைகிறோம். ஆனால் குழந்தையின் குடலுக்குள் நீர் சுரப்பது நிற்கவில்லை. வெளியே வராமல் உள்ளே தேங்கி, வயிறு உப்புகிறது. டயப்பர் காய்ந்திருக்கும், உடம்பில் நீர் வற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் மகனுக்கு வயிறு உப்பியதையும், அவன் அசந்து கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர்கள் அவனைக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

அந்த ஓஆர்எஸ் உறையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த பெரிய உறையில் 20.5 கிராம் தூள் இருக்கும். அது ஒரு முழு லிட்டர் தண்ணீருக்கானது. சிங்கப்பூர் மருந்தகங்களில் விற்கும் உறைகள் பெரும்பாலும் ஒரு டம்ளர் கணக்கில், 200 அல்லது 250 மில்லி நீருக்குச் செய்தவை. இந்தியாவில் இரண்டும் கிடைக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு லிட்டர் உறையை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு நான்கைந்து மடங்கு கூடிவிடும். அதைக் குழந்தை குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். அவன் துப்பியது நல்லதாகப் போயிற்று. உறையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் எத்தனை மில்லி என்று இருக்கும். அதைப் படித்து, அளவுக் கோப்பையில் நீரை அளந்து ஊற்றி, அதன் பிறகு தூளைக் கொட்டுங்கள். கலக்கியதை மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். சாறோ பாலோ 100 பிளஸ் போன்ற பானமோ சேர்த்துக் கலக்க வேண்டாம்.

கொடுக்கும் விதமும் முக்கியம். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி. அதற்குக் கீழ் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஆரம்பியுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் டம்ளராகக் கொடுத்தால் வெளியே வருவது, கரண்டியாகக் கொடுத்தால் உள்ளே தங்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது.

இந்தத் தூளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும்போது கூடவே நீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. மற்ற வழிகள் நோயால் பழுதுபட்டாலும் இந்த வழி பெரும்பாலும் திறந்திருக்கும். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இதே உப்பு, குளுக்கோஸ் கலவையைப் பெரிய கலன்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊற்றிக் கொடுக்க வைத்தார். இறப்பு பல மடங்கு குறைந்தது. அன்று அங்கே குழந்தைகளைக் காப்பாற்றியது உங்களைப் போன்ற தாய்மார்களின் கைகள்தான்.

உறை இல்லாத நேரத்தில், கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அவசரத்துக்கு மட்டும் இது. உறை கிடைத்ததும் உறைக்கு மாறிவிடுங்கள். ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுக்க வேண்டிய நிலை வந்தது.

அத்தையின் பட்டினியும் மாத்திரைகளும்

உங்கள் மாமியாருக்கு நடந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். இதே நிலையில் பல வீடுகளில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

கிளிபிசைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். வயிற்றைக் காயப்போட்டுவிட்டு அதைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துதான் ஆகும். அதற்கு மேல் சிப்ரோஃப்ளாக்சசின். இந்தக் குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளக்கூடியவை, முதியவர்களுக்குக் குறிப்பாக. இரண்டும் சேர்ந்தே அவரை 3.2-க்குக் கொண்டுவந்திருக்கும் என்று நினைக்கிறேன். 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பிறகு கஞ்சியோ பிஸ்கட்டோ கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

மெட்ஃபார்மின், லோசார்டன், நீர் மாத்திரை இவை வேறு வகைச் சிக்கல். நல்ல உடம்பில் இவை சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் காவல். உடம்பில் நீர் வற்றும்போது லோசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். சிறுநீரகம் சுணங்கினால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தை அமிலமாக்கலாம். எம்பக்ளிஃப்ளோசின், டபக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. மூட்டு வலிக்கு எடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் இந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு எதிரிகள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வாந்தியும் பேதியுமாக இருந்து சரியாகச் சாப்பிடவும் குடிக்கவும் முடியாத நாளில், இவற்றில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்குவார்கள். எதை, எத்தனை நாள் என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அன்றே தொலைபேசியில் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் தாங்களாக முழுதாக நிறுத்தவே கூடாது. உடல் சரியில்லாத நாளுக்கான மாத்திரைத் திட்டத்தை முன்கூட்டியே எழுதித் தரும்படி பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

“சர்க்கரை இருப்பவர் ஓஆர்எஸ் குடிக்கலாமா?” குடிக்கலாம், குடிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். 200 மில்லி டம்ளரில் மூன்று கிராம்கூட இல்லை. காபிக்கடையில் ஒரு சாதாரண ‘தே’யில் (பால் தேநீர்) இதைவிட அதிகமாக இருக்கும். சர்க்கரையை நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே கொடுங்கள். இதயம் பலவீனமானவர், சிறுநீரகம் பழுதாகி நீரை அளந்து குடிப்பவர் என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் லிட்டர் கணக்கில் கொடுக்காதீர்கள். இளநீரிலும் இதேபோல் ஒரு கவனம் வேண்டும்: அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. லோசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். ஒரு டம்ளர் குடித்தால் தப்பில்லை, நாள் முழுக்க அதையே குடிக்க வேண்டாம்.

வயிற்றைக் காயப்போடுவதைப் பற்றி அத்தையிடம் மெதுவாகப் பேசுங்கள். அவர் தலைமுறைக்கு அது அனுபவமாக வந்த நம்பிக்கை. சாப்பிட்டால் உடனே வயிறு இழுக்கிறது, சாப்பிடாவிட்டால் இழுப்பதில்லை. ஆனால் குடலின் உட்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ள உணவு வேண்டும். குழைந்த சாதம், கஞ்சி, இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், தயிர்சாதம் எல்லாம் ஆகும். எண்ணெய், அதிகக் காரம், கெட்டிக் காபி, இனிப்புப் பானம் இரண்டு நாள் ஒதுங்கட்டும். சிலருக்குப் பாலும் சில நாள் ஒத்துக்கொள்ளாது. அவர் கேட்டால் ஓமத் தண்ணீர் கொடுங்கள். வாயு உப்புசத்துக்கு இதமாக இருக்கும். இழந்த உப்பை அது திருப்பித் தராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கரி மாத்திரை, மற்றவை

கரி மாத்திரை நம் ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. வயிற்றுப்போக்கை நிறுத்துகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பெரிய தீங்கும் இல்லை. ஆனால் கரிக்கு ஆள் பார்த்து உறிஞ்சத் தெரியாது. கூடவே போட்ட ரத்த அழுத்த மாத்திரை, இதய மாத்திரை, கருத்தடை மாத்திரை எதையும் பிடித்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும். அதனாலேயே ஆஸ்பிரின் எடுக்கும் முதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும், தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு. கரி போட்டிருந்தால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

ஸ்மெக்டா எனும் களிமண் தூளுக்கும் அதே இடைவெளி விதிதான். அதில் மிக நுண்ணிய அளவில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரான்ஸ் 2019-இல் அறிவுறுத்தியது. வயிற்றுப் பிடிப்புக்கு வாங்கும் பஸ்கோபான், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சிரமப்படும் ஆண்களுக்கும் கேட்டுத்தான் தர வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசினைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இங்கே அது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கிடைக்கும் மருந்து. அதற்குக் காரணம் உண்டு. திடீர் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை வைரஸாலோ உணவில் ஏற்கெனவே உண்டான நச்சாலோ வருபவை. அவற்றின் மேல் ஆன்டிபயாடிக்குக்கு வேலையில்லை. பாக்டீரியாவே காரணமாக இருந்தாலும், தென்கிழக்காசியாவில் கேம்பைலோபேக்டர் போன்றவை இந்த மருந்துக்கு அடங்குவது குறைந்துவிட்டது. சிலவகை ஈகோலை தொற்றில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடலாம். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று போடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகவே முடியும். பையில் மிச்சமிருப்பதை மருந்தகத்தில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மலத்தில் ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விடாத கடும் வயிற்றுவலி, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, எழுந்தால் தலைசுற்றுவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பேச்சிலோ நினைவிலோ தடுமாற்றம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவர். குழந்தைக்கு அழுதால் கண்ணீர் வராதது, நாக்கு வறண்டிருப்பது, கண் குழிந்திருப்பது, விளையாட்டுப் பொருளைக்கூடத் திரும்பிப் பார்க்காதது ஆகியவை அடையாளம். குழந்தைகளுக்கான 24 மணி நேர அவசரப் பிரிவு கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இருக்கிறது. கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், அண்மையில் ஆன்டிபயாடிக் முடித்தவர், சமீபத்தில் ஊருக்குப் போய் வந்து காய்ச்சலோடு இருப்பவர் ஆகியோர் இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

உணவு நஞ்சு லேசான விஷயமில்லை என்பதைச் சிங்கப்பூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2009-இல் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். இங்குள்ள கடையில் சாப்பிட்டு இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வந்தால், சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் தெரிவியுங்கள். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அன்றே எழுதிவைத்தால் மருத்துவருக்கும் உதவும்.

வீட்டில் எதை வைத்துக்கொள்வது?

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இங்குள்ள மருந்தகத்தில் வாங்கிய ஓஆர்எஸ் உறைகள், எல்லாம் ஒரே அளவாக, ஆளுக்கு நாலைந்து. அளவுக் கோப்பை ஒன்று. வெப்பமானி. அத்தையின் சர்க்கரை அளக்கும் கருவிக்குக் காலாவதியாகாத பட்டைகள். லோபரமைடு வைத்துக்கொள்வதானால் சிறிய பெட்டி ஒன்று, தாளோடு. அதன் மேல் “பெரியவர்களுக்கு மட்டும், காய்ச்சல் ரத்தம் இருந்தால் வேண்டாம்” என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, மகன் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். 69 வயதைத் தொட்ட அத்தைக்கு அது எப்போதுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கும் முன் ஒரு மருந்தாளரையோ மருத்துவரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தாளரிடம் ஆலோசனை கேட்கக் கட்டணம் கிடையாது. பெரிய மருந்தகங்களில்கூட எல்லா நேரமும் மருந்தாளர் இருப்பதில்லை, இரவில் கவுண்டர் மூடியிருக்கும். உங்கள் வீட்டருகில் எந்தக் கிளையில் எத்தனை மணி வரை இருப்பார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். தமிழில் பேசத் தோதாக இருந்தால் தமிழிலேயே கேளுங்கள். இல்லையென்றால், தாளில் வயது, நோய்கள், எடுக்கும் மருந்துகள், எப்போது ஆரம்பித்தது என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினாலே போதும்.

அத்தைக்கு அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் பார்க்கும்போது, அவர் எடுக்கும் எல்லா அட்டைகளையும், ஊர் மருந்து, நாட்டு மருந்து, கரி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அன்று 3.2-க்கு இறங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள். கிளிபிசைடின் அளவைக் குறைக்க வேண்டுமா, மாற்று மருந்து தரலாமா என்று மருத்துவர் யோசிப்பார். சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். மெட்ஃபார்மினாலேயே சிலருக்கு அடிக்கடி வயிறு இளகும். அத்தைக்கு முன்பிருந்தே அந்தத் தொல்லை உண்டா என்பதையும் அவரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு போங்கள். மருமகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பல மாதமாக அடக்கிவைத்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.